யாருக்கும் தெரியாத வீடு

ஜூன் 9, திங்கள்

இன்று மதியம் லேபுக்கு ஒரு போன் வந்திருக்கிறது. ரிசப்ஷன் பெண்தான் எடுத்தாள். "பூங்கொடிக்குக் காலை டூட்டியா, சாயங்கால டூட்டியா?" என்று ஓர் ஆண்குரல் கேட்டதாம். "நீங்க யாருங்க?" என்று இவள் கேட்டதும் வைத்துவிட்டாராம்.

இந்த லேபில் நான் சேர்ந்தது ஏப்ரலில். பழைய இடத்தில் எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. போன் நம்பரும் புதிது. ஈரோட்டில் எனக்குத் தெரிந்தவர்கள் கிடையாது. அதனால்தான் ஈரோட்டுக்கு வந்தேன்.

இனி எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். நடந்த விஷயம் ஒரு வாரம் போனால், நடந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா என்று ஆகிவிடுகிறது. என் கணவர் லோகநாதனோடு இருந்த அத்தனை வருடமும் அப்படித்தான் போனது. காலையில் எழுந்து, "அப்படி ஒண்ணும் நடக்கலையே" என்பார். நானும் நடக்கவில்லை போல என்று தோசை ஊற்றுவேன்.

சாயங்காலம் வீட்டுக்கார அண்ணன் மாடிப்படி அருகில் நின்றுகொண்டு கேட்டார்: "ஏனுங் அம்மிணி, உங்க வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல இருந்து எப்ப வர்றாரு?"

"தீபாவளிக்குத்தானுங்கண்ணா."

வீடு பிடிக்கும்போது சொன்ன பொய். தனியாக இருக்கிறேன் என்று சொன்ன நான்கு இடத்திலும் வீடு இல்லை என்றார்கள். ஐந்தாவதாக இவரிடம் சிங்கப்பூர் என்றேன், சாவியைக் கொடுத்தார். ஆனால் இரண்டு மாதம் சும்மா இருந்தவர், போன் வந்த அன்றைக்கே ஏன் கேட்கிறார்?

ஜூன் 12, வியாழன்

காலை ஆறரைக்கு லேபில் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் கிளம்பும்போது என் மகள் தன்யஸ்ரீ தூக்கத்தில் இருப்பாள். தானே எழுந்து, குளித்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, பூட்டிவிட்டு, பஸ் ஏற வேண்டும். பதின்மூன்று வயது. எட்டரைக்கு அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்ற நம்பிக்கையில்தான் மற்றவர்கள் கையில் நான் ஊசி குத்துகிறேன்.

கேஸ்காரர் சிலிண்டரைக் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கீழே பின்போர்ஷனில் இருக்கும் ரெஜினா, "நானும் ஒரு கை புடிக்கறேனுங்க்கா" என்று வந்தாள். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு படியாக உருட்டி ஏற்றினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

ரெஜினா துணி தைக்கிறாள். அவள் கணவர் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் இருக்க மாட்டார். மிஷின் ஜன்னலோரம் கிடக்கிறது. படியேறும் யாரும் அவள் கண்ணில் படாமல் ஏற முடியாது.

டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது வழக்கம்போல் என் கூடப்பிறந்த வேணி அக்காவுடன் பேசினேன். காங்கேயத்தில் இருந்தாலும் தினம் அந்த நேரத்துக்குப் போன் செய்துவிடுவாள். லேபுக்கு வந்த போனைப் பற்றிச் சொன்னேன். பயந்துபோனாள்.

"புள்ளய எந்த ஸ்டாப்புல ஏறச் சொல்ற? அங்க ஆளுக இருப்பாங்களா?"

"பேங்க் முன்னாடிதான் அக்கா. ஆளுக இருப்பாங்க."

"பாத்துடி கண்ணு. ஆரையும் நம்பாத."

அக்கா இல்லையென்றால் நான் பைத்தியமாகியிருப்பேன். வீட்டைவிட்டு வந்தபோது அவள் வீட்டில்தான் முதலில் தங்கினோம். இந்த வீட்டில் பால் காய்ச்ச வந்ததும் அவள் ஒருத்திதான். மே மாத லீவு முழுக்கத் தன்யா அங்கேதான் இருந்தாள்.

ஜூன் 14, சனி

தன்யாவுக்குப் புது யூனிபாரம். போன வருடத்தது எதுவும் பத்தவில்லை. கடையில் தைக்கக் கொடுத்தால் இரண்டு வாரம் என்றார்கள். வேறு வழியில்லாமல் ரெஜினாவிடம் அளவு கொடுத்தோம். "ஏஞ் சாமி, அம்மாவத் தாண்டி வளந்துருவ போல" என்று தன்யாவின் தோளில் டேப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள். அளவு எடுக்கிறவள் எதற்கு, "அப்பா உசரமா?" என்று கேட்க வேண்டும்?

அக்காவிடம் சொன்னேன், இப்போது என் சுடிதாரே இவளுக்குச் சரியாக இருக்கிறது என்று. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஜூன் 18, புதன்

தன்யா தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

சாயங்காலம் தன்யாவின் புத்தகப் பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. உள்ளே கருநீலச் சுடிதார், ஒரு டப்பா தேங்காய் பர்பி. காலையில் பஸ் ஸ்டாப்பில் யாரோ ஒரு ஆள், "உங்கப்பா குடுக்கச் சொன்னாருப்பா" என்று கையில் திணித்துவிட்டுப் போனாராம்.

"வாங்குனியா?"

"கைல வெச்சுட்டுப் போயிட்டாருமா. கீழ போடவா சொல்ற?"

"காலைல நடந்தத இப்பவரைக்கும் எதுக்குச் சொல்லல?"

"சொன்னா நீ இப்பிடித்தான் கேப்பேன்னு தெரியும்."

சுடிதாரை அவள் மேல் வைத்துப் பார்த்தேன். அளவு எடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. இரண்டு வருடமாக அவர் பிள்ளையைப் பார்த்ததில்லை. விட்டுவிட்டு வரும்போது என் நெஞ்சு உயரம் இருந்தவள். இன்றைய அளவு அவருக்கு எப்படித் தெரியும்?

அளவு தெரிந்தவள் ஒருத்தி கீழே இருக்கிறாள். சனிக்கிழமை டேப் பிடித்தாள். புதன்கிழமை சுடிதார் வருகிறது.

பர்பியைக் குப்பையில் கொட்டினேன். தன்யா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 19, வியாழன்

ரெஜினா வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார். ஓட்டி வந்த ஆள் அரைமணி நேரம் உள்ளே இருந்தார்.

ஜூன் 20, வெள்ளி

கார் அவள் கொழுந்தனுடையதாம். அவள் சொல்கிறாள்.

ஜூன் 21, சனி

அக்கா மகள் மௌனிகாவுக்கு இடம் முடிந்துவிட்டது. பல்லடத்துப் பக்கம். மாப்பிள்ளை என்ஜினீயர். ஆவணியில் கல்யாணம். கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மௌனிகாவை நான்தான் இடுப்பில் வைத்து வளர்த்தேன்.

"எப்பிடி அக்கா இந்த இடம் வந்துச்சு?"

"தெரிஞ்சவங்க மூலமாத்தான்" என்றாள். பிறகு, "மாப்ள வீட்ல சித்தப்பா எங்கன்னு கேட்டாங்கடி" என்றாள்.

"என்ன சொன்ன?"

"வருவாருன்னு சொல்லி வெச்சிருக்கறேன். வேற என்னத்தச் சொல்றது? பிரிஞ்சு இருக்கறாங்கன்னா இந்தக் குடும்பத்துப் பொண்ணுக இப்பிடித்தான்னு பேசுவாங்க."

கோபம் வந்தது. பிறகு அவள் இடத்தில் நின்று நினைத்துப் பார்த்தேன். பெண்ணைப் பெற்றவள் வேறு எப்படிப் பேசுவாள்.

போனைத் தன்யாவிடம் நீட்டி, "பெரியம்மாகிட்டப் பேசு, மௌனிகா அக்காவுக்குக் கல்யாணமாம்" என்றேன். "நான் படிக்கோணும்" என்று எழுந்து போய்விட்டாள். சனிக்கிழமை என்ன படிப்பு? லீவில் ஒரு மாதம் சோறு போட்ட பெரியம்மா. வந்ததிலிருந்து அவளோடு பேசவே மாட்டேன் என்கிறாள். திட்டினேன். இந்த வயதே இப்படித்தான் போலிருக்கிறது.

ஜூன் 25, புதன்

தன்யாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். லேபில் இரண்டு பேர் லீவு. எனக்கு லீவு இல்லை. மாத்திரை கொடுத்து, கஞ்சியை பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

தன்யாவின் சாவியையும் எடுத்துக்கொண்டு, கதவை வெளியே பூட்டினேன்.

எழுதும்போது அது எப்படித் தெரிகிறது என்று எனக்கே தெரிகிறது. ஆனால் அவள் யார் வந்து கூப்பிட்டாலும் திறந்துவிடுவாள். சாவி என்னிடம் இருந்தால் யாருக்கும் திறக்க முடியாது.

மூன்று மணிக்கு வந்தேன். படியின் மேல்தட்டில், எங்கள் ஜன்னலை ஒட்டி ரெஜினா உட்கார்ந்திருந்தாள். கம்பி வழியே உள்ளே கையை விட்டுத் தன்யாவின் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தாள். தன்யா கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தாள்.

"இங்க என்ன பண்றீங்க?"

"புள்ள வாந்தி எடுக்கற சத்தம் கேட்டுச்சுங்க்கா. வந்து பாத்தா பூட்டிக் கெடக்குது. உங்க நம்பரு எங்கிட்ட இல்ல. அதான் ரசஞ்சோறு கரைச்சு இப்பிடியே ஊட்டிவிட்டேன்."

"எம் பொண்ணு உள்ள இருக்கறான்னு எப்பிடித் தெரியும்?"

"சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னனுங்களே."

"மெஷின் ஓடறப்ப மாடில வாந்தி எடுக்கறது கேக்குதா உங்களுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் நிறுத்தியிருக்கலாம்.

"எம் பொண்ண வேவு பாக்கறதுக்கு அவரு உங்களுக்கு என்ன குடுக்கறாரு? சுடிதார் அளவு நீங்கதான குடுத்தீங்க?"

ரெஜினாவுக்கு முகம் சிவந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அவருன்னா ஆருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றாள். இரண்டு படி இறங்கி, திரும்பாமலே சொன்னாள்: "தீ கீ புடிச்சா அந்தப் புள்ள எப்பிடி வெளிய வரும்ங்க்கா?"

உள்ளே போனேன். தன்யா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அவங்க இல்லீனா நான் செத்துருப்பேன்" என்றாள்.

காய்ச்சலில் பிள்ளைகள் எதையாவது சொல்வார்கள்.

ஜூன் 26, வியாழன்

நடந்ததை அக்காவிடம் சொன்னேன். "நீ கேட்டது சரிதான். அவதான் சொல்லியிருப்பா" என்றாள். மனசு கொஞ்சம் லேசானது.

ஜூன் 29, ஞாயிறு

காய்ச்சல் விட்டுவிட்டது. துணி துவைத்தேன், இட்லிக்கு அரைத்தேன். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது ரெஜினா வந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரத்துணி பக்கெட்டோடு திரும்பி இறங்கிவிட்டாள். தப்பு செய்யாதவள் ஏன் ஒதுங்க வேண்டும்?

வேறு வீடு பார்க்க வேண்டும். இது இரண்டு வருடத்தில் மூன்றாவது வீடு. திரும்பவும் டி.சி. வாங்கி, திரும்பவும் "அப்பா வரலீங்களா?" என்ற கேள்விக்கு நின்று, திரும்பவும் சிங்கப்பூர். தன்யாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 2, புதன்

ஒரு நல்ல விஷயம். சாயங்காலம் தன்யா தானாகவே, "பெரியம்மாவுக்குப் போன் போட்டுக் குடும்மா" என்றாள். நான் கத்தரிக்காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மௌனிகா அக்காவுக்கு என்ன கலர் புடவை, தனக்கு என்ன எடுப்பார்கள் என்று கொஞ்சிக் கொஞ்சிப் பேசினாள். "வெள்ளிக்கெழம எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் பெரியம்மா. முடிஞ்சு பூங்கா ஸ்டாப்புக்கு நடந்து போயி அங்கதான் பஸ் ஏறுவேன்" என்றாள். அப்படி ஒன்றும் எனக்குச் சொல்லவில்லையே என்று கேட்டதற்கு, "மறந்துட்டேன்" என்றாள்.

எப்படியோ, பெரியம்மாவோடு ராசியாகிவிட்டாள். அது போதும்.

ஜூலை 4, வெள்ளி

ஸ்பெஷல் கிளாஸ் என்றவள் வழக்கமான நேரத்துக்கே வந்து நின்றாள். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"பூங்கா ஸ்டாப்புல அப்பா நிக்கறாரு" என்றாள்.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

"ஸ்பெஷல் கிளாஸ் எதுவும் இல்லமா. எப்பவும் வர்ற பஸ்லதான் வந்தேன். அந்த ஸ்டாப் வர்றப்ப சீட்டுல குனிஞ்சுட்டுப் பாத்தேன். ஹெல்மெட்டக் கைல புடிச்சுட்டு நின்னாரு. பஸ்ஸுல இருந்து எறங்கறவங்க, ஏற வர்றவங்க, எல்லாரையும் பாத்துட்டு இருந்தாரு."

"அவருக்கு எப்பிடி அந்த ஸ்டாப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"நான் பெரியம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னேன். ஸ்கூல்ல யாருக்கும் சொல்லல. ரெஜினாக்காவுக்கும் சொல்லல."

நான் தன்யாவைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். "பொய் சொல்றியா? அவரு உன்கிட்டப் பேசறாரா? அவரு சொல்லிக் குடுத்துத்தான் பெரியம்மா மேல பழி போடறியா?" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் அழவில்லை. "நீ இப்பிடிச் சொல்லுவேன்னுதான் இத்தன நாள் சொல்லல" என்றாள்.

பிறகு சொன்னாள். மே மாதம், காங்கேயத்தில், அவர் அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அக்கா விருந்து வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டைச் சொல்லிவிட்டதே அவர்தானாம்; அவர் வேலை செய்யும் மில்லின் சூப்பர்வைசர் மகன்தான் மாப்பிள்ளை. தன்யாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அம்மாகிட்டச் சொல்லாத கண்ணு, சொன்னா அவ எதாவது பண்ணிக்குவா. அப்பறம் நீதான் காரணம்னு ஆயிரும்" என்றிருக்கிறாள் அக்கா.

நீதான் காரணம். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம்.

அதை வைத்துக்கொண்டுதான் இவள் ஒரு மாதமாகக் காலையில் தனியாக எழுந்து, தலை பின்னி, பஸ் ஏறியிருக்கிறாள். நான் கிளம்பும்போது கண்ணை மூடிப் படுத்திருந்தது தூக்கம்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அக்காவுக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"தன்யா பூங்கா ஸ்டாப்புக்கு வருவான்னு அவருகிட்டச் சொன்னியா?"

பின்னால் பிரஷர் குக்கர் விசில் அடித்தது.

"பெத்த அப்பன் புள்ளயப் பாக்கக் கூடாதாடி?"

"லேபுல இருக்கறேன்னு சொன்னதும் நீதானா?"

"அவரு திருந்திட்டாரு பூங்கொடி. குடிக்கறதில்ல. எங்கூட்டுக்கு வந்து எம் முன்னாடி அழுதாரு. நீ நல்லா இருக்கோணும்னுதான நான் இத்தனையும் பண்றேன்? மௌனிகா கல்யாணத்துல நீங்க ரெண்டு பேரும் சேந்து வந்து நின்னா எல்லார் வாயும் மூடிக்கும்."

"வீட்டு அட்ரஸும் குடுத்துட்டியா?"

யாரையோ அடுப்பை அணைக்கச் சொன்னாள்.

"அக்கா."

"ஞாயித்துக்கெழம வருவாரு. நல்லபடியாப் பேசு. வாசல்ல வெச்சு அசிங்கப்படுத்தாத."

வைத்துவிட்டேன். தினமும் பஸ் ஸ்டாப்பில் நின்று நான் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. எந்த நேரம் கிளம்புவேன், தன்யா எந்த ஸ்டாப்பில் ஏறுவாள், அவளுக்கு எந்த அளவு சரியாக இருக்கும், யாரைப் பிடிக்காது, எதற்குப் பயப்படுகிறேன். அவ்வளவையும் என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். அவர் எங்களைத் தேடிக் கஷ்டப்படவே இல்லை.

ஜூலை 5, சனி

காலையில் இரண்டு பையை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தேன். கரூரில் ஒரு லேபில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

தன்யா கதவருகில் நின்றாள். "நான் வரல."

"அவரு நாளைக்கு வர்றாரு."

"வரட்டும். நான் இன்னொரு ஸ்கூலுக்குப் போக மாட்டேன். இங்க எனக்கு ரெண்டு பிரண்டு இருக்கறாங்க. ரெண்டே ரெண்டு."

பையைப் பாதியில் வைத்துவிட்டு வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கரூருக்குப் போனால் அங்கேயும் யாருக்கும் தெரியாத வீடு. யாருக்கும் தெரியாத வீட்டில் அவர் வந்து கதவைத் தட்டினால், யாருக்கும் தெரியாது. இதை நான் இதுவரை யோசித்ததே இல்லை.

கீழே இறங்கிப் போனேன். ரெஜினா மிஷினில் இருந்தாள். தலை நிமிரவில்லை.

"நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோங்க."

"பிளவுஸு அவசரம்ங்க. மத்தியானத்துக்குள்ள குடுக்கோணும்."

நின்றேன். வேறு எங்கே போவது? நின்றபடியே சொன்னேன். சிங்கப்பூர் பொய் என்றேன். ஏன் வீட்டைவிட்டு வந்தேன் என்று சொன்னேன். அக்காவைப் பற்றியும் சொன்னேன். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. எப்போது நின்றதென்று கவனிக்கவில்லை.

"நீங்க பேசுனது எனக்கு இன்னும் ஆறலீங்க" என்றாள் ரெஜினா. "அன்னைக்கி நான் சோறே திங்கல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஆளு எப்பிடி இருப்பாரு? போட்டோ இருக்குதுங்களா?"

வீட்டுக்கார அண்ணனிடமும் போனேன். காலி பண்ணச் சொல்வார் என்று தெரிந்தே போனேன். சிங்கப்பூர் என்று நான் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது எனக்கும் எங்கூட்டுக்காரிக்கும் மொத மாசமே தெரிஞ்சுதுங் அம்மிணி. சிங்கப்பூர்ல இருக்கறவரு ஒருக்காக் கூடவா போன் பண்ண மாட்டாரு? நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் அன்னைக்கிக் கேட்டுப் பாத்தேன்." பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "பொய் சொல்லி வீடு புடிச்சது தப்புத்தான். அதை அப்பறம் பேசிக்கலாம். நாளைக்கு எத்தன மணிக்கு வர்றாராம்?"

ஜூலை 6, ஞாயிறு

பதினொரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஆப்பிள், ஒரு முழம் மல்லிகை. இளைத்திருந்தார்.

கேட்டுக்கு உள்ளே வீட்டுக்கார அண்ணன் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ரெஜினா மிஷினை வாசலுக்கே இழுத்துப் போட்டிருந்தாள். அவள் கணவர் ஊரில் இருந்தார். லாரிக்காரர், ஆள் கதவு அகலம். சட்டை போடாமல் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நான் இறங்கி வந்தேன். கேட்டைத் திறக்கவில்லை.

"நல்லாருக்கறயா?" என்றார். அவருடைய மெதுவான குரல். "உள்ள போயிப் பேசலாம் பூங்கொடி. நாலு பேரு முன்னாடி எதுக்கு?"

"இங்கயே சொல்லுங்க."

"இவிய எல்லாம் ஆரு?"

"பக்கத்துல இருக்கறவங்க."

அவர் கேட்டை ஒட்டி வந்து, என் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னொரு தடவையும் சொன்னார். உதடு மட்டும் அசைந்தது.

எனக்குப் பின்னால் தன்யா வந்து நின்றது தெரியாது.

"அம்மாவுக்கு எடது காது கேக்காதுப்பா" என்றாள். சாதாரணமாக, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "நீங்க அடிச்சதுல இருந்து கேக்காது. வலது பக்கம் வந்து, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

மிஷின் நின்றது. வீட்டுக்கார அண்ணன் பேப்பரை மடித்தார்.

இந்த நோட்டில் அதை நான் எழுதவே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை. சளி பிடித்து அடைத்துக்கொண்டது என்றுதான் லேபில்கூடச் சொல்லியிருக்கிறேன். தன்யா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

லோகநாதன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "அப்பிடி ஒண்ணும் நடக்கல" என்றார்.

ரெஜினாவின் கணவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கண்ணு, அப்பாவோட வா" என்றார்.

"வரலப்பா."

பழத்தைக் கேட்டில் மாட்டிவிட்டு, "பாத்துக்கறேன்" என்று சொல்லிப் போனார். பைக் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். திரும்பிய பிறகும் நின்றேன், சுற்றி வருகிறாரா என்று.

ஜூலை 7, திங்கள்

அரை நாள் லீவு போட்டு மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். ரெஜினா கூட வந்தாள். அவர்கள் அவரை வரவழைத்து எழுதி வாங்குவதாகச் சொன்னார்கள். காதைப் பற்றியும் சொன்னேன். தன்யா ஒரு தடவை சொன்ன பிறகு, இரண்டாவது தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

ஜூலை 16, புதன்

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கை தானாகப் போனை எடுக்கிறது. எடுத்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

தன்யாவிடம் உள்ளேயிருந்தும் திறக்கிற சாவி ஒன்று இருக்கிறது. ரெஜினாவிடம் ஒன்று.

ஜூலை 24, வியாழன்

படியேறும்போது ரெஜினா யாருடனோ தணிந்த குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "காலைல ஆறு மணிக்கே போயிருவா" என்றாள். அங்கேயே நின்று, வலது காதைக் கொடுத்துக் கேட்டேன். அவள் நாத்தனார் மகள் நர்சிங் படிக்கப் போகிறாளாம்; அவளைப் பற்றிய பேச்சு. வெட்கமாக இருந்தது. ஆனால் நாளைக்கும் நின்று கேட்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மௌனிகா வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பியிருக்கிறாள். "சித்தி, நீங்க வரணும்" என்று கீழே எழுதியிருந்தாள். அவள் அம்மா சொல்லி எழுதினாளா, அவளாக எழுதினாளா? அவரும் வருவாரா? கேட்க முடியவில்லை. "நல்லா இரு சாமி" என்று மட்டும் பதில் போட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்று மௌனிகாவுக்கு முகூர்த்தம். டூட்டிக்குப் போனேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேணி அக்கா. கல்யாணப் புடவையைக்கூட மாற்றவில்லையோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அதே ஜோடியில் இன்னொன்று, எனக்கென்று எடுத்தது போலிருக்கிறது, அவள் கையிலிருந்த பையில் மடித்து இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருப்பாள்போல.

கதவைத் திறந்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே படியைப் பார்த்தேன், கேட்டைப் பார்த்தேன், தெருமுனைவரை பார்த்தேன்.

நான் பார்ப்பதை அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். என்னைப் பெற்றவள் போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டவள்.

"ஆரும் வர்லடி" என்றாள். "நான் ஒருத்திதான்."

அது உண்மைதானா என்று தெரிய இன்னும் கொஞ்ச நேரம் எனக்கு வேண்டியிருந்தது. அதுவரை அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு, உள்ளே வரச் சொன்னேன்.